மொட்டைத்தலையும் மூன்று வெறுங்குழல்களும்

இதனை எழுதிவைக்க வேண்டிய தேவை இரண்டு பொய்க்கதைகளால் நேர்ந்தது. சித்தூரை அடுத்த குடிபாலாவில் என் உறவினரிடையே உலவுவது ஒன்று: நான் திருமலையில் முடியிறக்கிக்கொண்டு டென்மார்க் திரும்பியபோது, மொட்டைத்தலையைக் கண்டு சினந்த வெள்ளையர் என்னை முனைவர்ப் படிப்பிலிருந்து விலக்கிவிட்டனராம், பிறகு ஏழுமலையான் அவர்கள் கனவில் தோன்றி அதட்ட, மீண்டும் சேர்த்துக்கொண்டனராம். கோபன்ஹேகனில் வாழும் தமிழரிடையே உலவுவது மற்றொன்று: எனக்குப் புற்றுநோய் கண்டு, மருத்துவத்தால் முடி உதிர்ந்துவிட்டதாம், அதனை மறைக்கவே திருப்பதிக் கதை சொல்லித் திரிகிறேனாம். முதற்கதையை நம்பியவர்கள் என் ஆய்வு நெறியாளரை ஏசுகின்றனர். இரண்டாம் கதையை நம்பியவர்கள் என் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவருகின்றனர். பழத்தோடு வருபவரை மறுத்தனுப்புவது எளிதன்று. இருப்பினும் நடந்தது நடந்தவாறு பதிவாக வேண்டும். இரு கதைகளிலும் குற்றம் வேறெவர்மீதோ, வேறெதன்மீதோ ஏற்றப்பட்டுள்ளது. உண்மையில் பிழை செய்தவன் நான் ஒருவனே.

இந்நாட்டில் என் நாள் ஆடை களைவதில் தொடங்குகிறது. தொல்புரத ஆய்வகத்தின் உடைமாற்று அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. கம்பளி கூடாது, பட்டு கூடாது, தோற்பொருள் கூடாது. மூன்றும் உயிரினப் புரதங்கள்; கண்ணுக்குப் புலப்படாத ஒரு துகள் ஆய்வுக்குழலில் விழுந்தாலும் போதும், பொறி அதனையும் ஒளிவுமறைவின்றிப் படித்துச் சொல்லிவிடும். டேனியர்களோ குளிர்காலத்தில் கழுத்துமுதல் கால்வரை ஆட்டுமயிரால் மூடப்பட்டவர்கள். அவர்கள் மேற்சட்டை, கழுத்துத்துணி, காலுறை என ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்து முடிப்பதற்குள், திருப்பதிக் கடையொன்றில் வாங்கிய பருத்திச் சட்டையும் பனியனுமாக நான் தேர்வில் தேறி நிற்பேன். இருபத்தைந்து ஆண்டுகளாகக் குளிரில் என்னை நடுங்கவைத்துக் கேலிக்கு உள்ளாக்கிய அந்தப் பருத்தி, இவ்வறையில்தான் எனக்கு முதன்முறையாக ஒரு பெருமையைத் தேடித்தந்தது. அதன்பின் தலைக்கு மயிர்வலை, அதன்மேல் முக்காடு போன்ற மூடுதொப்பி, உடல் முழுவதும் வெள்ளை உறை, முகமூடி, கையுறையின்மேல் கையுறை. கோயிலுக்குள் புகுமுன் செருப்பைக் கழற்றிக் கால் கழுவி வளர்ந்தவனுக்கு இவ்வொழுங்கு அயலாகத் தோன்றவில்லை. உள்ளே இறைவன் இல்லை, ஒரு பல் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

அப்பல்லைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். பழைய எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. எனப்படும் மரபுப்பொருளை எடுத்து மாந்தரினத்தின் வரலாற்றை அறியும் முறையைப் பலரும் கேள்வியுற்றிருப்பீர்கள். அம்மரபுப்பொருள் வெப்பத்துக்கும் காலத்துக்கும் ஆற்றாது அழிந்துவிடும். அது அழிந்த பின்னும் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலுக்குள் சிறைப்பட்ட புரதங்கள் சில எஞ்சியிருக்கும். அவற்றை, அமிலம் எனப் பலரும் சொல்லும் புளியத்தின் கரைசலால் மெல்லக் கரைத்தெடுத்து, ஒவ்வொரு புரதத்துண்டின் நிறையையும் அளக்கும் பொறியிடம் தந்தால், இப்பல் யாருடையது, எவ்வினத்துக்கு எவ்வளவு நெருங்கிய உறவு, ஆணா பெண்ணா என்பவற்றை அது சொல்லக்கூடும். எனக்கு ஒதுக்கப்பட்டது ஆசியக் குகையொன்றில் கிடைத்த கடைவாய்ப்பல்லின் ஒரு சிம்பு. நாம் மாந்தர் என்று நம்மை அழைத்துக்கொள்ளத் தொடங்கும் முன்பே மண்ணில் நடமாடிய ஓர் உறவினருடையது. அரிசிமணியைவிடச் சிறியது. ஒருமுறை கரைத்தால் கரைத்ததுதான், மறுமுறைக்கு இடமில்லை. அதனை இரவலாகத் தந்த அருங்காட்சியகம், ஏப்ரல் இறுதிக்குள் கரைக்கப்படாவிடில் திரும்பப் பெறும் உரிமையையும் எழுதி வாங்கியிருந்தது. என் ஆய்வேட்டின் நடுப்பகுதி முழுவதும் அந்தச் சிம்பை நம்பியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பல் பார்ப்பது புதிதன்று. என் தந்தையாரை நாங்கள் நைனா என்போம். நிலமற்ற கூலியாளாகப் பிறர் வயலில் உழுத அவருக்குச் சொந்தமாக ஒரு கன்றுக்குட்டியும் இருந்ததில்லை. ஆனால் மாட்டுச்சந்தைக்குப் போகும் நிலக்காரர் எவரும் அவரை அழைக்காமல் போகமாட்டார். மாட்டின் வாயைத் திறந்து, ஒரு நொடி பார்த்து, இரண்டு பல், நான்கு பல், எல்லாப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்தது என்று வயதைச் சொல்லிவிடுவார். விற்பவன் எத்தனை ஆணையிட்டு மறுத்தாலும் அவர் சொல்லே நின்றது. பிற்காலத்தில் அரசு ஒதுக்கிய ஒன்றரை ஏக்கரில் அவர் முதற்பயிராக வேர்க்கடலை இட்டபோது நான் திருப்பதியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்த எனக்குத் தெலுங்கில் விளக்கி ஆங்கிலத்தில் எழுதச் சொன்ன அவ்வகுப்புகள் முதலாண்டில் பெருந்திகைப்பாயிருந்தன. எந்த மொழியும் முழுமையாகக் கைகொடாத அக்காலத்தில்தான் தூய தமிழில் எழுதும் பிடிவாதம் என்னைப் பற்றிக்கொண்டது, இன்றும் விடவில்லை.

படிப்பு முடித்துச் சித்தூரில் ஒரு பால்பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். தாராளமயம் வந்த புதிது. தனியார் பால்நிறுவனங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. வெளிநாட்டுப் பொறிகள் மரப்பெட்டியில் வந்திறங்கின. பாலில் கலந்த வேற்றுப்புரதத்தைக் கண்டறியும் பொறியொன்றை இயக்கக் கற்றவன் அவ்வட்டாரத்தில் நானாக இருந்தமையால், அப்பொறியை அனுப்பிய டென்மார்க் நிறுவனமே என்னையும் அழைத்துக்கொண்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பாலின் புரதங்களை அளந்தேன். பிள்ளைகள் இங்கேயே வளர்ந்து தனித்தனி வீடுகளுக்குச் சென்றனர். பின்னர் நிறுவனம் எங்கள் பிரிவை மூடி, ஓராண்டு ஊதியத்துடன் விடைகொடுத்தது. என் மனைவி சரோசா, இனி ஓய்வாக இருங்கள் என்றாள். இரண்டு கிழமை ஓய்வாக இருந்தேன். மூன்றாவது கிழமை அவளே, எங்கேயாவது போய்ப் படியுங்கள் என்றாள். ஐம்பத்தைந்தாம் அகவையில் தொல்புரத ஆய்வில் முனைவர்ப் பயிற்சி மாணவனாகச் சேர்ந்தது அவ்வாறுதான்.

என் நெறியாளர் கிர்ஸ்டன் என்னினும் பதினைந்து ஆண்டு இளையவர். இங்கே நெறியாளரையும் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும். நான் முதலாண்டு முழுவதும் அவர் என்னை நோக்கித் திரும்பும்வரை காத்திருந்து பேசியே காலத்தைக் கடத்தினேன். டேனிய மொழியில் 'நீங்கள்' வழக்கொழிந்துவிட்டது. ஆகவே அவர் பேச்சை 'நீ' என்றே பெயர்த்திருக்கிறேன். அதில் மதிப்புக்குறைவு ஏதுமில்லை. அவர் மென்மையானவர், ஒரு விதியைத் தவிர. ஒவ்வொரு முறையும் மாதிரியோடு, மாதிரியே இடாத வெறுங்குழல் ஒன்றையும் அதே புளியம், அதே வடிகட்டி, அதே கைகளால் இறுதிவரை கொண்டுசெல்ல வேண்டும். அதில் எதுவும் தென்படலாகாது. தென்பட்டால் அது நம்மிடமிருந்து சென்றது. தொடர்ந்து மூன்று வெறுங்குழல்களை மாசின்றிக் காட்டிய பிறகே பல்லைத் தருவார். இடையில் ஒன்று தவறினாலும் எண்ணிக்கை மீண்டும் சுழியத்திலிருந்து.

எனக்கு அது கைகூடவில்லை. மாந்தத் தோலிலும் மயிரிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதம் எப்படியோ என் குழல்களில் வந்து அமர்ந்துகொண்டது. "உன் வெறுங்குழலில் இன்றும் ஒரு மனிதன் இருக்கிறான்" என்று கிர்ஸ்டன் அறிவிப்பார். மூன்றாம் ஆண்டின் திசம்பரில்தான் முதன்முறையாகத் தொடர்ந்து இரண்டு குழல்கள் மாசற்று வந்தன. இன்னும் ஒன்றே. அந்நேரத்தில் குடிபாலாவிலிருந்து என் தமக்கை முனியம்மாள் தொலைபேசினார். நைனாவின் ஒன்றரை ஏக்கரில் இன்றும் வேர்க்கடலை விளைவிப்பவர் அவர். நான் இப்படிப்பில் சேர்ந்தபோதே ஏழுமலையானுக்கு என் முடியைத் தருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் நேர்த்திக்கடனை மொக்குபடி என்போம். தெலுங்கிலிருந்து வந்த சொல்.

"தம்பி, மொக்குபடி அப்பிடியே கீதுப்பா. இந்த தை மாசம் வந்துட்டு போ."

"படிப்பு முடிஞ்சப்புறம் தானேக்கா குடுக்கறதா சொன்ன?"

"முடிய மாட்டேங்குதே! மொதல்ல குடுத்துடு. வாங்கிக்கினு அவரு சும்மா இருக்க மாட்டாரு."

"என்ன கேக்காமயே என் முடிய வேண்டிக்கின. உன் முடிய வேண்டிக்கினு இருக்கலாம்ல?"

"என்துல இன்னா கீது, எலி வாலு. அத்த குடுத்து டாக்டரு பட்டம் கேட்டா அவரே சிரிப்பாரு."

மறுக்க இயலவில்லை. மறுக்க விரும்பவுமில்லை என்பதே சரி. ஆய்வகத்தில் மூன்றாண்டுகளாக என் முடியையே எதிரியாகக் கருதி வலைக்குள் அடைத்துவந்தவனுக்கு, அதனை அடியோடு நீக்கிவிட்டால் ஒரே செயலில் தெய்வத்தின் கடனும் தீரும், குழலின் மாசும் தீரும் என்று பட்டது. இதில் அறிவியலும் பற்றும் அழகாகக் கைகோத்திருப்பதாகவே எண்ணி வானூர்தியில் ஏறினேன்.

திருமலையில் முடியிறக்கும் கூடத்தில் அமர்ந்தபோது, அத்தனை நீண்ட மண்டபத்தில் கெரட்டின் குவிந்துகிடப்பதைக் கண்டு என்னையறியாமல் சிரித்துவிட்டேன். கோபன்ஹேகனில் ஒரு துகளுக்கு அஞ்சுகிறோம். இங்கே அது மடிமடியாக விழுந்து, யாருடையது என்ற கேள்வியே இன்றி ஒன்றோடொன்று கலந்து போகிறது. "தல வஞ்சண்டி, சாமி" என்று தெலுங்கில் சொல்லி என் தலையைத் தாழ்த்திய நாவிதர், என் சிரிப்பைக் கண்டு கத்தியைச் சற்று விலக்கிக்கொண்டார். முடிந்ததும் தமக்கை சந்தனத்தைக் குழைத்துத் தலை முழுவதும் தடவினார். எட்டி நின்று பார்த்து, "நைனா மாதிரியே கீற" என்றார். அவர் கண்களில் நீர். எனக்கும் தலை குளிர்ந்து, ஏதோ கழுவித் துடைத்து வைத்த பாத்திரம்போல் உணர்ந்தேன். இதனை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்; பின்னர் நேர்ந்த பிழையின் வேர் இவ்வுணர்வில்தான் இருக்கிறது.

மலையிறங்கித் திருச்சானூரில் தாயாரையும் வணங்கிவிட்டு, நகருக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். எதிரில் அமர்ந்திருந்த அம்மையார் என் தலையையும் கண்ணாடியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தமக்கையிடம், உங்கள் தம்பி என்ன வேலை செய்கிறார் என்று தெலுங்கில் வினவினார். தமக்கை சிறிதும் தயங்காமல், "பள்ளு சூஸ்தாடு" என்றார். பல் பார்ப்பவன் என்று. அவ்வளவுதான். அம்மையார் உடனே வாயை அகலத் திறந்து, விரலால் கன்னத்தை விலக்கி, உள்ளே ஒரு கடைவாய்ப்பல்லை எனக்குக் காட்டினார். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அப்பல் எனக்கு அருகில் வந்து சென்றது. நான் மிகப் பணிவாக, "நேனு சச்சிப்போயினவாள்ள பள்ளே சூஸ்தானம்மா" என்றேன். செத்தவர் பல்லைத்தான் பார்ப்பேன் என்றதும் அவர் வாய் மூடிக்கொண்டது, இறங்கும்வரை திறக்கவில்லை. தமக்கை என் தொடையில் கிள்ளினார். "கண்டுக்கினு போனா இன்னா கொறஞ்சா போயிடுவ? நைனாவா இருந்தா பாத்து சொல்லி இருப்பாரு."

பிப்ரவரி நடுவில் திரும்பினேன். ஆய்வகத்தின் காப்பி அறையில் கிர்ஸ்டன் என்னைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்தார். அருகில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

நேர்த்திக்கடனைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். "மூன்றாண்டாகத் தெரியும். என் தமக்கைதான் முதலில் சொன்னார்."

"மூன்றாண்டா! எங்களிடம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லையே."

"இது குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளும் செய்தி. எப்படியும் ஒருநாள் செய்தே ஆக வேண்டியது. இப்போது மனம் மிகவும் அமைதியாக இருக்கிறது."

அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். இந்நாட்டில் நெறியாளர் மாணவர் கையைப் பற்றுவது அரிது. "நீ எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வீட்டில் இரு. பல்லை யென்ஸ் பார்த்துக்கொள்வான்."

யென்ஸ் என்னுடன் பயிலும் டேனிய மாணவர். நல்ல உழைப்பாளி. ஆனால் அக்கணத்தில், என் பல் அவரிடம் போகிறது என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இருபது நாள் ஊருக்குப் போய்வந்ததற்கு இவ்வளவா? "என் கடவுளுக்கு நான் முடி தந்தேன். அதற்காக நீங்கள் என்னிடமிருந்து பல்லைப் பறிப்பது எந்த முறை?" என்று கேட்டுவிட்டேன்.

"கடவுளுக்கா?" என்றார். "நீ நோயுறவில்லையா?"

அதன்பின் அவர் சுவரில் சாய்ந்து சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நானும் சிரித்தேன். எங்கள் கட்டடத்தில் பணிபுரியும் தமிழர் ஒருவர் அந்த உரையாடலின் முற்பாதியை மட்டும் செவிமடுத்துச் சென்றார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஆரஞ்சுப் பழங்களின் தோற்றுவாய் அதுவே.

மூன்றாம் வெறுங்குழலுக்குரிய நாள் வந்தது. உடைமாற்று அறையில் மயிர்வலையைக் கையில் எடுத்தேன். மயிரே இல்லாத தலைக்கு மயிர்வலை எதற்கு என்று தோன்றியது. வலையைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு, மூடுதொப்பியை மட்டும் அணிந்து உள்ளே சென்றேன். தோலின் மேற்படலமும் கெரட்டினே என்பது எனக்குத் தெரியாதா? பள்ளி மாணவர்க்கும் தெரியும். அன்று என்னை நடத்திச் சென்றது கற்ற வேதியியல் அன்று. முடியிறக்கிய தலையைக் காட்டிலும் தூய்மையான ஒன்று உலகில் இல்லை என்று பிறந்தது முதல் ஊறிய நம்பிக்கை. அதனை ஒருநாளும் ஐயுற நேர்ந்ததில்லை. ஆதலால் அன்றும் ஐயுறவில்லை.

பத்து நாளில் முடிவு வந்தது. முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு மாந்தக் கெரட்டின். "ஒரு மனிதன் இல்லை, ஒரு கூட்டமே உள்ளே போயிருக்கிறது" என்றார் கிர்ஸ்டன். இம்முறை அவர் சிரிக்கவில்லை. எண்ணிக்கை சுழியத்துக்குத் திரும்பியது. ஏப்ரல் இறுதிக்கு இரண்டு மாதமே எஞ்சியிருந்தது. அப்போது யென்ஸ் முகம் சிவந்து எழுந்து நின்றார். அன்று பயன்படுத்திய புளியக் கரைசல் அவர் தயாரித்தது. "என் தவறாகத்தான் இருக்கும். அதனைத் தயாரித்த அன்று என் கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அக்குப்பியைக் கொட்டிவிடுகிறேன். அதைக்கொண்டு நான் செய்த மாதிரிகள் அனைத்தையும் மீண்டும் செய்கிறேன்" என்றார். அவை அவருடைய மூன்று மாத உழைப்பு.

நான் பேசாதிருந்தேன். இதனை எழுதுவதுதான் இக்கட்டுரையில் எனக்குக் கடினமான பகுதி. வலை அணியாதது எவருக்கும் தெரியாது. குப்பியின்மேல் பழி விழுந்துவிட்டது, குப்பிக்கு வாயில்லை. ஐம்பத்தெட்டாம் அகவையில் தொழில்தெரிந்த ஒருவன், இருபதாண்டு புரதம் அளந்தவன், வலை போடாமல் உள்ளே போனேன் என்று எவ்வாறு சொல்வது? அன்று மாலை எல்லோரும் சென்றபின் உடைமாற்று அறைக்குச் சென்று, என் பெயர் எழுதிய மூடுதொப்பியை உட்புறம் வெளியாகத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் வெளிர்மஞ்சளாய்த் துகள்கள். சந்தனத்தின் மணம்கூட மெலிதாக இருந்தது. கத்தி பட்ட தலைத்தோல் இந்நாட்டு வறண்ட குளிரில் உலர்ந்து, செதில்செதிலாக உதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. வலை அதனைத் தடுத்திருக்கும்.

மறுநாட் காலை, யென்ஸ் குப்பியைக் கொட்டுமுன், அத்தொப்பியை ஓர் உறையில் இட்டுக் கிர்ஸ்டனிடம் கொண்டுசென்றேன். முதன்முறையாக அவர் பெயரைச் சொல்லி அழைத்தேன். அவர் சட்டெனத் திரும்பினார். அதிலேயே ஏதோ நேர்ந்துவிட்டது எனப் புரிந்துகொண்டார் போலும்.

"வலை அணியவில்லையா?"

"அணியவில்லை."

"ஏன்?"

சொன்னேன். கத்தி, சந்தனம், கழுவித் துடைத்த பாத்திரம் அனைத்தையும் சொன்னேன். அவர் தொப்பியை ஒளியில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "யென்ஸிடம் இப்பொழுதே போய்ச் சொல். அதன்பின் வாயிற்குறிப்பேட்டில் எழுது" என்றார்.

ஆய்வகத்தின் வாயிலில் ஒரு தடித்த குறிப்பேடு உண்டு. மாசு எவ்வழியாகப் புகுந்தது என்பதை அவரவரே நாளும் பெயரும் இட்டு எழுதுவர். எழுதுமுன் பழைய பக்கங்களைப் புரட்டினேன். தங்கையின் திருமணத்துக்கு அணிந்த பட்டுத்துணியோடு உள்ளே வந்ததாகக் கிர்ஸ்டன், தன் மாணவப் பருவத்தில், எழுதியிருந்தார். பூனையை மடியில் வைத்திருந்துவிட்டு வந்ததாக யென்ஸ். சித்தூர்ப் பால்பண்ணையிலும் எங்களுக்குப் பிழைப்பதிவேடு இருந்தது. ஆனால் அதில் எவரும் தன்பெயரைத் தானே எழுதி நான் கண்டதில்லை, நானும் எழுதியதில்லை. இங்கே எழுதினேன். யென்ஸிடம் சொன்னபோது அவர் குப்பியை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு, "நன்றி" என்று மட்டும் சொன்னார். தன்மேல் பழியேற்றுக்கொண்டவர் அவர்; நன்றி சொல்ல வேண்டியவன் நான்.

இனி மூன்று குழல்கள், இரண்டு மாதம். தலைத்தோல் உதிர்வதை நிறுத்தாமல் வலை ஒன்றே போதாது. தமக்கையிடம் சொன்னேன்.

"மொட்ட அடிச்ச தலைக்கு எண்ண வெக்கலியா நீ?" என்றார்.

"இல்லக்கா."

"சந்தனத்த தடவி அனுப்புனா அப்பிடியே காய வுட்டுக்கினு திரிஞ்சியா? கொழந்தைக்குகூட எண்ண வெப்பாங்க. எத்தினி வருசம் படிச்சும் இது தெரில. தேங்கா எண்ண வெச்சி, காலைல தேச்சி குளி."

கிர்ஸ்டனிடம் ஒப்புதல் கேட்டேன். தேங்காயெண்ணெயில் விலங்குப் புரதமில்லை, காலையில் கழுவிவிடுவேன், வலையும் அணிவேன் என்றேன். அவர் சிறிது எண்ணிவிட்டு, "உன் தமக்கை எங்கள் குழுவில் சேர விரும்புவாரா?" என்றார். மார்ச்சில் முதற்குழல் மாசின்றி வந்தது. அடுத்ததும் வந்தது. மூன்றாவது, பல்லைத் திருப்பித்தரவேண்டிய நாளுக்கு ஒன்பது நாள் முன்பு வந்தது. கிர்ஸ்டன் குளிர்பெட்டியைத் திறந்து, சிம்பு இருந்த சிறுகுழலை என் உள்ளங்கையில் வைத்தார். இரட்டைக் கையுறையின் ஊடாக அதன் எடை எனக்குத் தெரிய வாய்ப்பில்லை, தெரிந்ததுபோல் இருந்தது.

பல் பேசியது. ஆண்களிடம் மட்டும் காணப்படும் எனாமல் புரதத்தின் துண்டுகள் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தன. எவரும் அறியாத அவ்வுறவினர் ஓர் ஆண். இதனை அறிந்த உலகத்தவர் அப்பொழுது நான்கு பேரே: கிர்ஸ்டன், யென்ஸ், நான், அடுத்த நிமிடம் தொலைபேசியில் முனியம்மாள்.

"ஆம்பளயா? பேரு இன்னா?"

"பேரெல்லாம் தெரியாதுக்கா."

"எந்த ஊரு?"

"ஏதோ ஒரு கொக."

"பேரும் தெரில, ஊரும் தெரில. இதுக்கா என் தம்பி முடி போச்சு?" கடலைக்காய் உரிக்கும் ஒலி வந்தது. "பல்லு தேஞ்சி இருந்துதா?"

"நல்லா தேஞ்சி இருந்துது."

"அப்ப வயசு போனவன். பாவம், நல்லா துன்னு வாழ்ந்து இருக்கான். இத்த நைனா அப்பவே சொல்லி இருப்பாரு."

ஆய்வேடு ஏற்கப்பட்டது; பட்டமும் கிட்டியது. தமக்கை அதனைத் தம் கணக்கில் வைத்திருக்கிறார், நான் மறுப்பதில்லை. மன நிறைவோடு இருக்கிறேன். இக்கட்டுரையை முடித்தவுடன் அவருக்குத் தொலைபேசியில் படித்துக்காட்டினேன். கிர்ஸ்டனுக்கு டேனிய மொழியில் வரிவரியாகச் சொன்னேன். இருவருக்கும் இதில் பங்குண்டு, இருவரும் பிழை சொல்ல உரியவர்கள். இவ்விடத்தில் நான் முதலில் எழுதியிருந்த முடிவு வேறு. பல்லின் முடிவுகளோடு நாங்கள் வெளியிட்ட கோப்பில், மாசு என்று குறித்து ஒதுக்கிய புரதங்களின் பட்டியலும் உண்டு. மிகச் சிறிதளவு மாந்தக் கெரட்டின் அதிலும் இருந்தது. என் முடி திருமலையிலும், என் தோல் கோபன்ஹேகனின் கோப்பிலுமாக நான் இரண்டு நாட்டிலும் பாதிபாதியாகக் கிடக்கிறேன் என்று எழுதி, நன்றாக வந்துவிட்டதென மகிழ்ந்திருந்தேன்.

தமக்கை அதனை ஏற்கவில்லை. "குடுத்துட்டா அது எப்பிடி உன்துன்னு சொல்வ? அது அவருது. மொதல்ல அத்த அடி" என்றார். கிர்ஸ்டனும் ஏற்கவில்லை. கெரட்டின் எவர் பெயரையும் சுமந்து வருவதில்லை; அத்துகள் யென்ஸினுடையதாக இருக்கலாம், தன்னுடையதாகவும் இருக்கலாம்; மாந்தர் என்பதற்குமேல் நாம் ஒன்றும் சொல்ல இயலாது, அதனை என்னுடையதென்று நான் எழுதினால் அது சான்றில்லாத கூற்று என்றார். இருவர் திருத்தத்தையும் ஏற்று அவ்விரு உரிமைகளையும் நீக்கிவிட்டேன். இப்பொழுது என்னுடையதென்று உறுதியாகச் சொல்லத்தக்கது, தலையில் மீண்டும் முளைத்திருக்கும் அரைவிரல் நீள முடி மட்டுமே. தமக்கை அதற்கும் அடுத்த வேண்டுதல் ஏதோ வைத்திருப்பதாகக் கேள்வி. அதுவரை நாள்தோறும் காலையில், தேங்காயெண்ணெய் மணக்க, அது வலைக்குள் செல்கிறது.

இதில் வேறு பிழை காண்பவர்கள், குடிபாலாவினராயினும் கோபன்ஹேகனினராயினும், தயங்காது எழுதித் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். வாயிற்குறிப்பேட்டில் எழுதுவதுபோல், நாளிட்டு, என் பெயரையே இட்டுத் திருத்திக்கொள்வேன்.